கும்பகோணம் பெரிய கடைத்தெரு

கும்பகோணம் பெரிய கடைத்தெரு என்பது தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள கும்பகோணம் நகரின் பழமையான வணிக வீதியாகும். இதன் தென்முனையில் இராமசாமி கோயிலும் வடமுனையில் சக்கரபாணி கோயிலும் அமைந்துள்ளன. தஞ்சை நாயக்க மன்னர்களின் அமைச்சராக விளங்கிய கோவிந்த தீட்சிதர், இவ்விரு கோயில்களையும் இணைக்கும் வகையில் ஒரு கடைவீதியை அமைத்தார். இன்றைய கடைத்தெரு அதன் வழிவந்ததாகும். பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள், பூசைப் பொருட்கள், துணிவகைகள், வெற்றிலை, சீவல் ஆகியவற்றுக்கு இத்தெருவும் இதனைச் சூழ்ந்த தெருக்களும் பெயர்பெற்றவை.

நான்கு புறமும் நெல்வயல்கள் சூழ்ந்த நகரில் இருந்தாலும், நெல் இக்கடைத்தெருவின் முதன்மைச் சரக்கு அன்று. ஆயினும் நெல் விளையும் ஆண்டில் இத்தெரு செழிக்கும். விளையாத ஆண்டில் வாடும். காவிரியின் நீர், வண்டல், அறுவடைப் பணம் ஆகிய மூன்றும் இங்கே வேறு உருவில் விற்பனைக்கு வருகின்றன. இத்தெருவின் வரலாற்றையும் இன்றைய நிலையையும் விளங்கிக்கொள்ள இத்தொடர்பை அறிவது தேவையாகும்.

அமைவிடம்

கும்பகோணம், தஞ்சாவூரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. நகரின் வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் ஓடுகின்றன. குடமூக்கு, குடந்தை என்பன இந்நகரின் பழைய பெயர்கள். சோழர்களின் மாளிகை நகரமாக விளங்கிய பழையாறை இதன் அருகில் உள்ளது. 1866-ஆம் ஆண்டு நகராட்சியாக அமைக்கப்பட்ட கும்பகோணம், 2021-ஆம் ஆண்டு மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி அப்போதைய நகராட்சிப் பகுதியில் ஏறத்தாழ 1.40 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

நகரின் நடுப்பகுதியில் கும்பேசுவரர், சாரங்கபாணி, நாகேசுவரர், சக்கரபாணி, இராமசாமி ஆகிய பெருங்கோயில்கள் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவில் அமைந்துள்ளன. சாரங்கபாணி கோயிலின் மேற்கே பொற்றாமரைக் குளம் உள்ளது. தொடருந்து நிலையத்திற்கும் கோயில்கள் நிறைந்த பகுதிக்கும் இடையே மகாமகக் குளம் அமைந்துள்ளது. சக்கரபாணி கோயிலை அடுத்துக் காவிரியின் சக்கரப் படித்துறை உள்ளது. எனவே கடைத்தெருவின் வழியே வடக்கு நோக்கிச் செல்பவர் இறுதியில் ஆற்றங்கரையை அடைகிறார்.

வரலாறு

நாயக்கர் காலம்

தஞ்சை நாயக்கர்களுள் அச்சுதப்ப நாயக்கர், இரகுநாத நாயக்கர் ஆகிய இருவரிடமும் கோவிந்த தீட்சிதர் அமைச்சராக இருந்தார். இரகுநாத நாயக்கரின் காலத்தில் (1600-1634) இராமசாமி கோயில் உருவானது. பட்டாபிசேகக் கோலத்தில் இராமனும் சீதையும் வீற்றிருக்கும் கருவறை, சிற்பத் தூண்கள் நிறைந்த முன்மண்டபம், சுற்றாலைச் சுவர்களில் தீட்டப்பட்ட இராமாயண ஓவியங்கள் ஆகியன இக்கோயிலின் சிறப்புகள்.

புதிய கோயிலைப் பழைய சக்கரபாணி கோயிலுடன் கடைவீதியால் இணைத்தது, வழிபாட்டையும் வணிகத்தையும் ஒருங்கே கருதிய நகர அமைப்பு எனலாம். ஒரு கோயிலில் வழிபட்டு மற்றொன்றுக்குச் செல்லும் அடியவர் கடைகளைக் கடந்தே செல்ல வேண்டும். கோயிலுக்குத் தேவையான எண்ணெய், பூ, பாத்திரம், துணி ஆகியவையும் அதே தெருவில் கிடைக்கும். மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும் கோவிந்த தீட்சிதர் அமைத்தவையே ஆகும்.

தொடருந்து வந்த பின்

1799-ஆம் ஆண்டு தஞ்சை நாட்டின் ஆட்சி மராத்திய மன்னரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும், 1877-இல் கும்பகோணத்தைச் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடித் துறைமுகங்களுடன் இணைக்கும் தொடருந்துப் பாதைகள் நிறைவுற்றதும் நகரின் வணிகத்தை மாற்றின. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து செப்பு, பித்தளைத் தகடுகள் பெருமளவில் இந்தியாவிற்கு வந்தன. இதனால் வார்த்துச் செய்யும் பாத்திரங்களுடன் தகட்டை அடித்துச் செய்யும் பாத்திரங்களும் பெருகின.

வணிகம் வளர்ந்தபோது கடன் வசதியின் தேவையும் வளர்ந்தது. 1904-ஆம் ஆண்டு கும்பகோணம் வங்கி தொடங்கப்பட்டது. இன்று சிட்டி யூனியன் வங்கி என்னும் பெயரில் இயங்கும் இவ்வங்கியின் தலைமையகம் இன்றும் கும்பகோணத்திலேயே உள்ளது. பெரும் மாநகரங்களுக்கு வெளியே, ஒரு கோயில் நகரில் தோன்றிய வங்கி நூறாண்டுகளைக் கடந்து நிலைத்திருப்பது, வயலுக்கும் கடைக்கும் இடையே இங்கு நடந்த பணப் புழக்கத்தின் அளவை உணர்த்துகிறது.

கடைத்தெருவின் நாட்காட்டி

காவிரிப் படுகையில் நெல் சாகுபடி குறுவை, சம்பா, தாளடி என்னும் மூன்று பருவங்களாக நடைபெறுகின்றது. 1934-இல் மேட்டூர் அணை பயன்பாட்டிற்கு வந்த பின், ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் நாள் அணையைப் பாசனத்திற்குத் திறப்பது வழக்கமான தேதியாகக் கொள்ளப்படுகின்றது. அந்நாளில் நீர் வந்தால் குறுவைப் பயிர் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடையாகும். அதன் பணம் தீபாவளிக்கு முன் உழவர் கைக்கு வரும். ஆகஸ்ட் மாதத்தையொட்டித் தொடங்கும் சம்பா, தைப் பொங்கலை ஒட்டி அறுவடையாகும். தாளடி அதனை அடுத்து வரும். தை, மாசி மாதங்களின் திருமணங்களும் மாசிமகத் திருவிழாவும் இவ்வறுவடையைத் தொடர்ந்தே அமைகின்றன.

இதன்படி கடைத்தெருவிற்கு ஆண்டில் இரண்டு பெரும் விற்பனைக் காலங்கள் உண்டு. குறுவைப் பணம் தீபாவளித் துணியாகின்றது. சம்பாப் பணம் சீர்வரிசைப் பாத்திரமும் பட்டும் ஆகின்றது. நெல்லின் பெரும்பகுதியைத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஊர்தோறும் அமைக்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வாங்குகின்றது. ஆகவே நெல் மூட்டை கடைத்தெருவுக்கு வராவிட்டாலும் அதன் விலை வந்து சேர்கிறது.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறக்க இயலவில்லை. 2020-இல் மீண்டும் அந்நாளில் திறக்கப்பட்டது. 2022-இல் மே 24-ஆம் நாளே திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை இறுதியில்தான் திறக்கப்பட்டது. கருநாடகத்தின் மழையளவும் இரு மாநிலங்களுக்கிடையேயான நீர்ப்பங்கீடும், தொலைவில் உள்ள இத்தெருவின் தீபாவளி விற்பனையையும் தொடுகின்றன என்பதை இவ்வாண்டுகள் நினைவூட்டுகின்றன.

முதன்மைச் சரக்குகள்

பாத்திரங்கள்

கும்பகோணம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது பித்தளைப் பாத்திரமாகும். குடம், தவலை, அண்டா, அடுக்கு, செம்பு, உருளி, வெண்கலப் பானை, காப்பி வடிகட்டி, தாம்பாளம், மணி, தூபக்கால் எனப் பல வகைகள் கடைகளின் முகப்பில் தொங்கவிடப்பட்டும் அடுக்கப்பட்டும் இருக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. புளிப்பான உணவு பித்தளையுடன் வினைபுரியும் என்பதால் சமையல் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயம் பூசுவது வழக்கம்.

பித்தளைப் பாத்திரங்கள் பொதுவாக எடைக்கே விற்கப்படுகின்றன. பழைய பாத்திரத்தையும் எடைக்குக் கொடுத்துப் புதியதன் விலையில் கழித்துக்கொள்ளலாம். இதனால் ஒரு குடும்பத்தின் பித்தளை, அவசரத் தேவைக்கு உதவும் சேமிப்பாகவும் இருந்துவந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எவர்சில்வர் பரவியதும் அன்றாடச் சமையலறையிலிருந்து பித்தளை மெல்ல விலகியது. இன்று அதன் விற்பனை பெரும்பாலும் திருமணச் சீர், கோயில் பயன்பாடு, அன்பளிப்பு, அலங்காரம் ஆகியவற்றைச் சார்ந்துள்ளது.

குத்துவிளக்கும் படிமங்களும்

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் வழியில் உள்ள நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளுக்குப் புகழ்பெற்றது. அடிப்பகுதி, தண்டு, எண்ணெய் நிற்கும் அகல், உச்சி ஆகியன தனித்தனியே வார்க்கப்பட்டு, கடைசல் பிடித்துத் திருகால் இணைக்கப்படுகின்றன. நகரின் மேற்கே உள்ள சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் ஐம்பொன் படிமங்கள் செய்யப்படுகின்றன. மெழுகில் முதலில் உருவம் செய்து, அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். பின்னர்ச் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். படிமத்தை எடுக்க அச்சை உடைக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு படிமமும் தனியானது.

இவ்விரு ஊர்களின் கைவினைக்கும் பொதுவான மூலப்பொருள் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணாகும். இது உலோகத்தின் நுணுக்கமான வரிகளையும் சிதையாமல் பதிக்கும் தன்மையுடையது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, சுவாமிமலைப் படிமம் ஆகிய இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை.

வெற்றிலையும் சீவலும்

கும்பகோணம் கொழுந்து வெற்றிலை, மென்மைக்கும் அளவான காரத்திற்கும் பெயர்பெற்றது. ஐயம்பேட்டை, இராசகிரி, பாபநாசம், சுவாமிமலை, திருவையாறு முதலிய ஊர்களின் கொடிக்கால்களில் இது விளைகின்றது. அகத்தி மரங்களை நட்டு அவற்றின் மீது கொடியைப் படரவிடுவர். அகத்தி கொழுகொம்பாகவும் நிழலாகவும் பயன்படுகின்றது. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் நீர் தேங்கக் கூடாது. ஆற்றோர வண்டல் நிலம் இதற்கு ஏற்றதாக உள்ளது. பறித்த இலைகளை எண்ணி அடுக்கிக் கவுளிகளாகக் கட்டி விற்பர். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பாக்கு இப்பகுதியின் முதன்மை விளைபொருள் அன்று, வெளியூர்களிலிருந்து வருவதாகும். அதனை மெல்லியதாகச் சீவிப் பதப்படுத்தும் தொழில் மட்டும் இங்கு நிலைபெற்றுள்ளது. வெற்றிலை எங்கே விளைகிறதோ அங்கே அதற்கு இணையான பொருளின் வணிகமும் வந்து சேர்வதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பட்டு

நகரின் கிழக்கே மயிலாடுதுறை செல்லும் வழியில் உள்ள திருபுவனமும், கும்பகோணமும், மேற்கே உள்ள தாராசுரமும் பட்டு நெசவு நடக்கும் இடங்கள். சௌராட்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் இத்தொழிலில் பெருமளவில் ஈடுபட்டுள்ளன. திருபுவனத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955-இல் தொடங்கப்பட்டது. திருபுவனம் பட்டுச்சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

கணித மேதையும் துணிக்கடையும்

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். அவருடைய தந்தையார் இந்நகரின் துணிக்கடை ஒன்றில் கணக்கராகப் பணிபுரிந்தவர். குடும்பம் வாழ்ந்த வீடு சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ளது. சாத்திரா பல்கலைக்கழகம் இவ்வீட்டை நினைவில்லமாகப் பேணி வருகின்றது. கடைத்தெருவில் ஈட்டிய எளிய மாதச் சம்பளத்தில் நடந்த ஒரு குடும்பத்திலிருந்து இராமானுசன் தோன்றியதையும், 1854-இல் தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரி அதே ஊரில் இருந்ததையும் சேர்த்து நோக்கினால், வணிகமும் கல்வியும் இந்நகரில் அருகருகே வளர்ந்தமை புலனாகும்.

கோயில்களும் கடைகளும்

கும்பேசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைக் கடந்ததும் நீண்ட தூண் மண்டபம் ஒன்று உள்ளது. இம்மண்டபத்தில் நெடுங்காலமாகக் கடைகள் இருந்துவந்துள்ளன. குங்குமம், பூசைப் பொருள், மரப்பாச்சி, வளையல், சிறு பாத்திரம் போன்றவை இத்தகைய கோயிற் கடைகளின் சரக்காகும். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் தீப்பற்றி மண்டபம் சேதமடைந்தது. அதன் பின்னர்த் தமிழகமெங்கும் கோயில் மண்டபங்களில் கடைகள் இருக்கலாமா என்னும் வினா எழுந்தது. கல்மண்டபத்தின் பாதுகாப்பும், தலைமுறைகளாக அங்குக் கடை வைத்திருப்போரின் பிழைப்பும் இவ்வினாவில் எதிரெதிரே நிற்கின்றன.

அட்சய திருதியை நாளில் நகரின் 12 பெருமாள் கோயில்களின் உற்சவர்கள் கருட வாகனத்தில் கடைவீதிப் பகுதியில் ஒருங்கே எழுந்தருளுவர். அப்போது கடைகளின் முன்புறமே திருவிழாக் களமாகின்றது.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம் இந்நகரின் மிகப் பெரிய திருவிழாவாகும். ஏறத்தாழ 6.2 ஏக்கர் பரப்புள்ள மகாமகக் குளத்தில் அன்று பெருந்திரளானோர் நீராடுவர். 1992-ஆம் ஆண்டு மகாமகத்தில் ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தனர். அதன்பின் 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் மகாமகம் நடைபெற்றது. அடுத்தது 2028-இல் வரவுள்ளது.

பிறநாட்டுச் சந்தை ஒன்றுடன் ஒப்பீடு

வரலாற்றுச் சந்தைகள் பலவும் நீர்நிலையை ஒட்டி வளர்ந்தவை. இத்தாலியின் வடபகுதியில், ஆல்ப்சு மலைகளின் இடையே உள்ள மஜ்ஜோரே ஏரியின் கரையில் லூயினோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே சந்தை கூட்டும் உரிமையைப் பேரரசர் ஐந்தாம் சார்லசு 1541-ஆம் ஆண்டு வழங்கினார். அச்சந்தை இன்றும் புதன்கிழமைதோறும் கூடுகின்றது. அதனைக் காணவே பிற நாட்டினர் வருகின்றனர்.

லூயினோ சந்தையும் கும்பகோணம் கடைத்தெருவும் தொடங்கிய காலங்கள் ஒரு நூற்றாண்டுக்குள் அடங்குவன. இரண்டும் ஆட்சியாளரின் ஏற்பாட்டால் உருவானவை. ஆனால் லூயினோவில் வாரம் ஒருநாள் சந்தை கூடிக் கலைகின்றது. கும்பகோணத்திலோ கடைகள் நிலையானவை. கூடிக் கலைவது வாங்குவோரின் கூட்டமே, அதுவும் அறுவடையையும் திருவிழாவையும் பொறுத்து.

எதிர்நோக்கும் சிக்கல்கள்

முதலாவது சிக்கல் நீர் தொடர்பானது. கும்பகோணத்தின் குளங்கள் முன்னர்க் காவிரியிலிருந்தும் அரசலாற்றிலிருந்தும் வரும் வாய்க்கால்களால் நிரம்பின. நகரம் நெருக்கமானபோது வாய்க்கால்கள் பல தூர்ந்தும் கட்டடங்களால் அடைபட்டும் போயின. குளங்கள், வாய்க்கால்களின் ஆக்கிரமிப்புக் குறித்து நீதிமன்ற வழக்குகளும் நடந்துள்ளன. வணிகத்தின் பெருக்கம், அவ்வணிகத்திற்கு அடிப்படையான நீர்வழிகளின் மீதே இடம்பிடித்தது இங்குள்ள முரண் ஆகும்.

இரண்டாவது சிக்கல் கைத்தொழில் தொடர்பானது. இயந்திரத்தில் செய்யப்பட்ட பாத்திரங்களும் விளக்குகளும் பிற மாநிலங்களிலிருந்து குறைந்த விலைக்கு வருகின்றன. புவிசார் குறியீடு ஒரு பொருளின் பெயரைக் காக்கும். அப்பொருளைச் செய்பவரின் பிள்ளை அத்தொழிலைத் தொடர்வதற்கு அது மட்டும் போதாது. வெற்றிலைக் கொடிக்காலும் அவ்வாறே. நாள்தோறும் கவனிப்பும் பறிப்பதற்கு ஆளும் தேவைப்படும் இப்பயிர், வெற்றிலை போடும் பழக்கம் குறைந்த பின் திருமணங்களையும் வழிபாட்டையும் பெரிதும் நம்பியுள்ளது.

மூன்றாவது இடநெருக்கடி. மாட்டுவண்டிக் காலத்தில் அமைந்த தெருக்களில் இன்று வாகனங்கள் நெருக்குகின்றன. மொத்தக் காய்கறி வணிகம் நகரின் மேற்கே தாராசுரத்தில் உள்ள சந்தையில் நடைபெறுகின்றது.

பார்வையிடுவோருக்கு

கும்பகோணம், சென்னை - தஞ்சாவூர் தொடருந்துப் பாதையில் மயிலாடுதுறைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே உள்ளது. அருகிலுள்ள வானூர்தி நிலையம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது.

தொடருந்து நிலையத்திலிருந்து மகாமகக் குளம் வரை சென்று, இராமசாமி கோயிலைக் கண்டபின் கடைத்தெரு வழியே வடக்கே நடந்து சக்கரபாணி கோயிலையும் காவிரிப் படித்துறையையும் அடைவது வரலாற்று முறைப்படி அமைந்த வழியாகும். நண்பகலில் கோயில்களின் நடை சாத்தப்படுவதால் காலையோ மாலையோ செல்வது நன்று. பாத்திரம் வாங்குவோர் அது வார்ப்பா, தகடா என்பதையும், எடையையும், ஈயம் பூசப்பட்டுள்ளதா என்பதையும் கேட்டறிவது பயன்தரும். குத்துவிளக்கு, படிமம் ஆகியவற்றை வாங்க விரும்புவோர் நாச்சியார்கோயில், சுவாமிமலைப் பட்டறைகளுக்கே சென்று செய்முறையையும் காணலாம்.

பித்தளைத் தவலையில் வெந்நீர் வைத்து, வடிகட்டியில் இறக்கி, பித்தளை வட்டா, தம்ளரில் தரப்படும் கும்பகோணம் டிகிரி காப்பியும் இந்நகரின் அடையாளங்களுள் ஒன்றாகும். கலப்படமற்ற பாலை மானியால் அளந்து பயன்படுத்தியதால் இப்பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம்.

வடமுனையில் சக்கரப் படித்துறையை அடைபவர் வந்துள்ள மாதத்தைப் பொறுத்து ஆறு நிறைந்து ஓடுவதையோ மணல் மட்டும் தெரிவதையோ காண்பர்.